புலி மேல் வந்தவள்

மாரியம்மன் சத்தியமாக இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

யோங் பெங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளம் தொழிலாளர் லயத்து வாசல் வரை வந்துவிட்டது. உள்ளே சந்திரமதிக்குப் பிரசவ வலி. மூத்த பிள்ளைகள் மூன்றும் அழுதன. மருத்துவச்சியோ அக்கரையில்.

"இப்ப யாரு வருவா?" என்று தவித்தான் அவள் புருஷன் வீரமுத்து.

"ஆத்தா பாத்துக்குவா. நீங்க பிள்ளைங்களப் பாருங்க" என்றாள் சந்திரமதி.

அப்போது ஒரு புலி நீந்தி வந்தது. அதன் முதுகில் சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி, கையில் வேப்பிலையோடு.

வீரமுத்து சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தாயே, நேர்லயே வந்துட்டியா?"

"எழுந்திருடா, போய் வெந்நி வை" என்றாள் மருத்துவச்சி காளியம்மா.

"புலி கடிக்கலையாக்கா?"

"போன மாசம் அதுக்கும் நான்தானே பிரசவம் பாத்தேன்."

ஆண் குழந்தை பிறந்தது. "ஆத்தா ஆள அனுப்பி வச்சிட்டா, பாத்தீங்களா?" என்று சந்திரமதி கண் கலங்கிக் கும்பிட்டாள்.

அந்தக் குழந்தை நான்தான்.