பதினொன்று முதல் பதினொன்று நான்கு வரை

எந்தக் கம்பெனியையும் நம்பாமல் தன் இசையைத் தானே வெளியிடுவது என்று ஜெபக்கனி வேலையை விட்டிருந்தாள். முதல் பாட்டுக்கான வயலின் பதிவு ஒன்பது முறை கெட்டது. ஒவ்வொன்றிலும் யார் வீட்டுக் குக்கராவது விசிலடித்தது. ஸ்டூடியோவுக்கு வழியில்லை. கடைசியில் லிஃப்டில் ஒரு கடிதம் ஒட்டினாள்: "நாளை காலை 11.00 முதல் 11.04 வரை மிக்ஸி, குக்கர், குழாய், சண்டை ஆகியவற்றை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் பதினொன்று ஆனதும் இருபத்திரண்டு வீடுகளும் ஒன்றாக அடங்கின. மின்விசிறிகள்கூட நின்றன. வயலினைத் தோளில் வைத்தவள் வில்லைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். தனக்காக இத்தனை பேர் சும்மா இருப்பதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. 11.04 கடந்தது. ஒரு மிக்ஸியும் ஓடவில்லை.

மேல்மாடியிலிருந்து பாக்கியம் அக்கா கத்தினாள்: "ஏட்டி, வாசிச்சியா இல்லியா? சட்னியப் பாதியில நிறுத்திட்டு மூச்சப் புடிச்சி உக்காந்திருக்கோம்லா!"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லக்கா!"

சிரிப்பு ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தது. "சரி, நிதானமா வாசி. மத்தியானச் சோறு லேட்டானா ஆவட்டும்!"

யாரோ அடக்கிய கடைசிச் சிரிப்பும் ஓய்ந்ததும், ஜெபக்கனி வில்லைத் தந்தியில் வைத்தாள்.