அண்ணனின் தண்ணீர்

காலால்தான் தள்ளினான். ஈர மண் சரிந்து அண்ணனுடைய மடையை அடைத்துக்கொண்டது.

இன்னொரு தள்ளு. அவனுடைய மடை திறந்துகொண்டது.

யாரும் பார்க்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் கிணற்றடித் தொட்டியைச் சுற்றி நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் மோட்டாரைப் போட்டது. தொட்டி வழிந்து வாய்க்காலில் இறங்கிய தண்ணீர், மடை பிரிகிற இடத்துக்கு வந்து, கொஞ்சமும் யோசிக்காமல் அவன் மஞ்சள் காட்டுப் பக்கம் திரும்பியது.

அவனும் யோசிக்கவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

சற்று முன்புதான் அண்ணன் நாச்சிமுத்துவுக்குக் கொள்ளி வைத்தான். அண்ணனுக்கு மகன் இல்லை, ஒரே மகள். மழித்த தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. அதற்குள் கால் போய் மடையைத் தேடுகிறது.

தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

கிணறு இருவருக்கும் பொது. பாதிப் பாதி என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இன்று அண்ணனின் முறை. முறைக்காரன் செத்துப்போனால் அந்த நாள் யாருக்கு என்று அப்பா எழுதவில்லை.

எழுதவே வேண்டியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

அண்ணன் இருந்தவரை அவர் முறையில் ஒரு குடம்கூட எடுத்ததில்லை. நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வெறும் பயம்தான் போலிருக்கிறது. இன்று பயப்பட ஆள் இல்லை.

ஆனால் மஞ்சள் வாடிக் கிடந்ததே. கிணற்றில் ஊறுவதோ மோட்டாருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. குளிக்கிற தண்ணீர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"இனிப் பாதிக் கெணறு சுகன்யாவுக்குத்தானப்பா" என்றார் தாய்மாமன், துண்டைப் பிழிந்தபடி. "திருப்பூர்ல கம்பெனிக்குப் போயிட்டிருந்த புள்ள. தண்ணி கட்டத் தெரியாது. உங்கண்ணன் எடத்துல இருந்து நீதான் எல்லாஞ் சொல்லிக் குடுக்கோணும்."

"செரிங்க மாமா."

குளித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். இன்னும் ரெண்டு பாத்தி நனையட்டும் என்று நின்றான்.

சுகன்யா காய்ந்த வேட்டியோடு வரப்பில் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வேட்டியை நீட்டியவள் வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் போகிற பக்கத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எங்க முறைதானுங்களே சித்தப்பா?"

குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆமா கண்ணு, தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான். அவ்வளவுதான்.

"எழவுக்குக் குளிச்ச தண்ணி கண்ணு. உங்க காட்டுக்கு ஆகாது. அதான் எங்காட்டுப் பக்கம் திருப்பி உட்டேன்."

அப்படி ஒரு வழக்கம் அந்த ஊரில் கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது. அந்த நொடியில் அவன் வாயில் பிறந்தது.

அவளுக்குக் கண் நிறைந்தது.

"எங்க தீட்ட உங்க காட்டுல வாங்கிக்கிட்டீங்களா?"

கையெடுத்துக் கும்பிட்டாள். அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"எங்கப்பாகூடப் பொறந்ததுக்கு…" என்று தொடங்கியவள் முடிக்க முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ தோன்றியவளாக நிமிர்ந்தாள்.

"அப்போ பதினாறு முடியற வரைக்கும் எங்க காட்டுக்குத் தண்ணியே உடக் கூடாதுங்களா? அதுவரைக்கும் ஊட்டுல தீட்டுத்தானுங்களே?"

அவன் அண்ணனின் காட்டைப் பார்த்தான். சின்ன வெங்காயம். காய் திரளுகிற நேரம். நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் தாள் கருகிவிடும். அண்ணியும் இந்தப் பிள்ளையும் இனி அதை நம்பித்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

விடலாம் என்றால், முதலில் சொன்னது பொய்யாகிவிடும். விடக் கூடாது என்றால், ஐயோ.

"அது வந்து கண்ணு…" என்று இழுத்தான்.

அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"செரிங்க சித்தப்பா. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."

தொட்டி ஓரம் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்தாள். பிடிக்கத் தெரியவில்லை. ரெண்டு கையும் ஒரே இடத்தில் இருந்தது.

அண்ணனின் மடை சரியாக அடைபடவில்லை. ஓரமாகக் கசிந்து, கொஞ்சம் தண்ணீர் வெங்காயத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. அவள் கவனித்தாள். தட்டுத்தடுமாறி மண்ணை வெட்டி அந்த இடத்தில் போட்டாள். மறுபடியும் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே ஏறி நின்று மிதித்தாள்.

கசிவு நின்றது.

"போதுங்களா சித்தப்பா?"

அவன் சொல்வதற்காக, மம்பட்டியைப் பிடித்தபடி காத்து நின்றாள்.