யாரும் தொடாத தொட்டி

மீன்தொட்டிச் செடி வளர்ப்போர் சங்கத்தில் மூன்றே பேர். எந்த உரம் நல்லது என்று பார்க்க ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு உரம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நாலாவது தொட்டிக்கு மட்டும் யாரும் எதுவும் போடக் கூடாது என்று தலைவரான பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கடைசியில் பார்த்தால் நாலாவதில் செடி காடாய் மண்டிக் கிடந்தது. மற்ற மூன்றும் சோப்ளாங்கி.

“சும்மா விட்டாத்தான் வளரும்னு எழுதிக்குங்க,” என்றார் டாக்டர்.

டீச்சர் நெளிந்தார். “எழுதாதீங்க சார். பாவமா இருந்துச்சு. என் தொட்டி உரத்தை அதுக்குப் போட்டுட்டேன்.”

“நீங்களுமா?” என்று தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சங்கத்துல கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேண்டாமா?” டாக்டர் மேஜையைத் தட்டிய வேகத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

டாக்டர் அசடு வழிந்தார். “நாலாவதுக்கு இன்னிக்கு இன்னும் போடலை.”