பிளக்கைப் பிடுங்கிய கை

கடையைத் தாண்டி மூன்று முறை போய், மூன்று முறை திரும்பி வந்து, நான்காவது முறைதான் ஃபோர்மேன் கதவைத் தள்ளினார்.

'இழுக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த கதவு.

உள்ளே சுவர் முழுக்க கிட்டார்கள். ஒரு பட்டாளத்துக்கே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மிச்சமும் வைக்கலாம். அத்தனையும் கழுத்தை நீட்டி அவரையே முறைத்தன.

கண்ணாடி மேசைக்குப் பின்னால் கிட்டார் துடைத்துக்கொண்டிருந்த சேல்ஸ்மேன் நிமிர்ந்தான். துணி பிடித்த கை அப்படியே நின்றது.

"வாங்க சார்" என்றான், கொஞ்சம் தாமதமாக.

"ஒரு பரிசு வாங்கணும்" என்றார் ஃபோர்மேன், பக்கத்திலிருந்த டிரம்மைப் பார்த்து. "மேடையில கிட்டார் வாசிச்சுப் பாடுறவருக்கு. என்... மருமகனுக்கு."

அந்த ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து வெளியே எடுக்க கிரேன் வைக்க வேண்டியிருந்தது.

"என்ன விசேஷம் சார்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

சும்மாவாம்!

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஃபோர்மேன் மின்சார ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற விழா. மருமகன் ஆசையாகப் பாடிக்கொண்டிருந்தான். பேசுவதற்குக் காத்திருந்த மேலதிகாரி கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம்தான். முப்பத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த கை, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

பாட்டு பாதியில் செத்தது. முந்நூறு பேருக்கு முன்னால் மருமகனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

அன்றைக்குக் கிளம்பிப் போன மகள் அப்புறம் வாசல் மிதிக்கவில்லை. பேத்தி பிறந்து பதினோரு மாதம். தாத்தா பார்த்திருப்பதெல்லாம் மனைவியின் செல்போனில், உள்ளங்கை அகல முகம். அதையும் அவள் எண்ணி மூன்று விநாடிதான் காட்டுவாள்.

இன்று காலையில் மனைவியின் தீர்ப்பு வந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை கச்சேரி. பாப்பாவும் வரா. கையில ஏதாவது இருந்தா வாங்க, வெறுங்கையோட வர்றதா இருந்தா வீட்லயே இருங்க. போய் வாங்கிட்டு வாங்க. அந்தக் கடையிலதான் வாங்கணும்."

ஊரில் இன்னும் மூன்று கடை இருக்கிறதே என்று ஃபோர்மேன் இழுத்துப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் தெருவிளக்கே ஃபியூஸ் போயிருக்கும்.

இப்போது மணி பதினொன்றரை. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சின்னதாக, அழகாக ஒன்று கண்ணில் பட்டது. எடுத்தார்.

"ட்யூனர் சார் அது. அதைக் கொடுத்தா, உன் கிட்டார் சுருதியில இல்லன்னு சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடும்."

பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர் மாதிரி கீழே வைத்தார்.

ஹெட்போனைக் காட்டினார்.

"அதை மாட்டிட்டு வாசிச்சா வெளியில ஒருத்தருக்கும் கேக்காது" என்றான் சேல்ஸ்மேன். குரல் இறுகியிருந்தது. "வேணாம் சார்."

மூலையில் யாரோ டிரம்மில் ஒரு தட்டு தட்டினார். ஃபோர்மேனின் உயிர் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மைக்கைப் பார்த்தார். கிட்டார் நிறுத்தும் தாங்கியைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் பழைய குற்றத்தையே சொல்வதுபோல இருந்தது. சேல்ஸ்மேன் உதவிக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கீழ்த்தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி தெரிந்தது. ஆம்ப்ளிஃபயர். ஃபோர்மேன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பழக்க தோஷத்தில் பின்பக்கம் தடவினார்.

"ஒயரைக் காணோமே?"

"பேட்டரில ஓடுறது சார். ஒரு தடவை சார்ஜ் ஏத்திட்டா அஞ்சு மணி நேரம் பாடலாம்."

"சுவத்துல பிளக் மாட்ட வேணாம்?"

"வேணாம்."

ஃபோர்மேன் குனிந்தபடியே இருந்தார்.

"அப்போ பாடிட்டு இருக்கும்போது... எந்த மடையனாலயும் பிடுங்க முடியாது?"

சேல்ஸ்மேன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"முடியாது சார்."

"இதைக் கொடுங்க."

பணம் கட்டியாயிற்று. பரிசோடு வைக்க ஒரு வாழ்த்து அட்டையையும் பேனாவையும் சேல்ஸ்மேன் நகர்த்தினான். ஆயிரம் பக்கம் ரிப்போர்ட் எழுதிய மனுஷன், அட்டையில் இரண்டே வரி எழுதக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

'மாப்பிள்ளைக்கு.

தப்பு என்னுது.'

அட்டையைப் பெட்டியின் மேல் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகவில்லை. இரண்டு கையாலும் மெல்ல, மேசையின் அந்தப் பக்கத்துக்கே தள்ளினார்.

சேல்ஸ்மேன் அட்டையைப் படித்தான். இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

பெட்டியைப் பிரித்தான். சார்ஜரை எடுத்து ஒயரின் முறுக்கை அவிழ்த்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். மறுமுனையை ஃபோர்மேனின் உள்ளங்கையில் வைத்தான்.

"ஆறு மணிக்குள்ள ஏறிடணும். நீங்களே மாட்டுங்க மாமா."

சுவரில் இருந்தது மூன்று துளைதான். ஃபோர்மேனுக்கு ஆறாகத் தெரிந்தது.

நான்காவது முறைதான் உள்ளே போனது.