ஊர் ஊராக ஒரு பாட்டு

“ஜங்ஷனுக்கும் வந்துடுச்சுடீ,” என்று கட்டிலில் குப்புறப் படுத்தபடியே சொன்னாள் ஒயர். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. கழுத்தில் எப்போதும் ஏதாவதொரு சார்ஜர் தொங்கும், அதனால் அந்தப் பெயர்.

அறைத் தோழி கொசு, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குரல் மெலிசு, ஆனால் காதுக்குள்ளேயே சுற்றும். அதனால் அவள் கொசு.

பாட்டு அவளுடையது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாண்டிப் போகிற ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே வருகிற ஒருத்தியின் பாட்டு. பார்சல் கம்பெனியில் நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிவிட்டு வந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் நின்று பாடினாள். பாட்டு கேட்கிற எல்லா ஆப்பிலும் ‘கொசு’ என்ற பெயரிலேயே போட்டாயிற்று. இன்றோடு பதினெட்டு நாள்.

முதல் பத்து நாள் கேட்டது ஒயர் மட்டும்தான். எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஆப்பே காட்டும். பதினோராம் நாள், டேம் இருக்கிற ஊரில் யாரோ ஒருத்தர் கேட்டிருந்தார். ஒரே நாளில் இருபத்திரண்டு தடவை.

அன்றைக்கு கொசுவின் முகம் வெளுத்துவிட்டது. “எந்த ஊரு? திரும்பச் சொல்லு.” போனைப் பிடுங்கி, ஊர்ப் பெயரைத் தானே படித்துப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். “இல்ல. அங்க எனக்கு யாரையும் தெரியாது.”

வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பாட விடவில்லை, கிளம்பி வந்துவிட்டேன் என்று மட்டும்தான் ஒயரிடம் சொல்லியிருந்தாள். இடது காது கேட்காது. ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துப் பாடுவாள். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, “விழுந்துட்டேன்” என்றாள். அதற்குமேல் கேட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

“நான் எங்க இருக்கேன்னு அங்க தெரிஞ்சா, என் கதை அன்னியோட முடிஞ்சுதுடீ.” அதை மட்டும் அடிக்கடி சொல்வாள்.

பாட்டை ஏற்றிய அன்று சண்டை வந்ததும் அதனால்தான். ‘எழுதியவர்’ என்ற கட்டத்தில் கொசு என்று போட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை. அடையாள அட்டையில் இருக்கிற முழுப் பெயர் வேண்டுமாம். ஒயர் யோசிக்காமல் அடித்து அனுப்பிவிட்டாள்.

“என் பேரு எங்கயும் வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“கவர்ல வராது, லூசு. மூணு புள்ளியை அமுக்கி, உள்ள போய், இன்னொண்ணையும் அமுக்கினாத்தான் வரும். உன் பாட்டைக் கேக்கவே நாதியில்ல, பேரைத் தேடிக்கிட்டு எவன் வரப் போறான்?”

கவர் படத்திலும் முகம் இல்லை. அறை ஜன்னல் வழியாக ஒயர் எடுத்த படம்தான்: கீழே தண்டவாளம், அதை ஒட்டி, மேல்பாதி இடிந்த ஒரு தண்ணீர் டேங்க். கொசு முணுமுணுத்துக்கொண்டே சமாதானமானாள்.

இப்போது ஜங்ஷன். கொசு திரையில் விரலை ஓட்டினாள்.

“டேம் ஊருல ஒருத்தர் கேட்டாங்க, இப்ப அங்க சைபர். அப்புறம் மில்லு ஊருல ஒருத்தர், இப்ப அங்கயும் சைபர். கேட்டவங்க யாரும் மறுபடி கேக்கவே மாட்டேங்கறாங்களேடீ. அவ்வளவு கேவலமாவா பாடியிருக்கேன்?”

“அடிப்பாவி, பரவுதுன்னு சந்தோஷப்படு. ஜலதோஷம் மாதிரி ஊர் ஊரா ஒட்டிக்கிட்டு வருது. அதுவும் நம்ம பக்கமா.”

“உன்னை விட்டா நம்ம ஊருல வேற ஒருத்தராவது கேக்கட்டும். அடுத்த பாட்டைப் பாடறேன்.”

“எழுதிக் குடு, கையெழுத்துப் போடு. அப்புறம் தொண்டை கட்டிக்கிச்சு, தோசை தீஞ்சிடுச்சுன்னு கதை சொல்லக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுவும் நடந்தது.

“நம்ம ஊரு. சத்தியமா நம்ம ஊரு. இப்ப, இந்த நிமிஷம் கேட்டுட்டிருக்காங்க பாரு.” திரையில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் ஒன்று என்ற எண்.

கொசு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள், ஹெட்போனை எடுத்தாள், கம்பளிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து புதுப் பாட்டின் முதல் வரி வந்தது. இந்தத் தடவை குரலில் பயம் இல்லை.

அப்போதுதான் மாடிப்படியில் பழைய பாட்டு கேட்டது. யாரோ போனில் சத்தமாக வைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, பிறகு ஏறி.

ஒயர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கசங்கிய சட்டை, தூக்கமில்லாத கண்கள், தோளில் பயணப் பை. வந்த ஆள் போனை உயர்த்தி, கவர் படத்தையும் அவளுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதைப் பாடினது இங்கதானா?”

“ஆமா சார், உள்ளதான் இருக்கா. பாடறது கேக்குதா? இருங்க, கூப்பிடறேன். ரசிகர் ஒருத்தர் தேடி வந்திருக்காருன்னா நம்பவே மாட்டா.”

அவர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார்.

“ரசிகன் இல்லம்மா. புருஷன்.”