லிஸ்டில் இல்லாதது

“கம்பெனி லிஸ்ட்ல இல்லாத ஏதோ ஒண்ணு ஒரு மாசமா நம்ம வைஃபைல ஓடுது. நீ வேடிக்கை பார்த்துட்டிருக்கியா?” மேலாளர் மேசையில் அறைந்தார்.

“சார், அது என்னன்னா...” என்று இழுத்தார் நெட்வொர்க் பொறுப்பாளர்.

“என்னவா இருந்தா என்ன? கம்பெனிக்குத் தெரியாம எவன் கொண்டுவந்ததா இருந்தாலும் சரி, துண்டிச்சு விடு!”

துண்டித்தார்.

“அப்படியே உன் அட்மின் ஐடியையும் அழி. நீ கிழிச்சது போதும். இந்த நிமிஷத்துல இருந்து நீ வெளியாள். வெளியாள் எவனும் நம்ம நெட்வொர்க்கைத் தொடக்கூடாது. கிளம்பு!”

அதையும் அழித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார் பொறுப்பாளர். கதவு திறக்கவில்லை.

மேலாளர் பாய்ந்து வந்து தன் அட்டையை வைத்துப் பார்த்தார். இழுத்தார், உதைத்தார். கதவு அசையவில்லை.

“என்னடா பண்ணித் தொலைச்ச?”

“நீங்க சொன்னதைத்தான் சார். போன மாசம் உங்க மச்சான் கடையில வாங்கி, யார்கிட்டயும் சொல்லாம மாட்டினீங்களே, இந்தப் பூட்டு வைஃபைலதான் ஓடுது. லிஸ்ட்லதான் இல்லை.”

“மறுபடியும் சேர்த்து விடுடா!”

பொறுப்பாளர் வரவேற்பறை சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“வெளியாள் தொடக்கூடாது சார்.”