அழுதால் சிமிட்டும் விளக்கு

அவள் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

பெட்டியின் பச்சைப் பொட்டுகள் அணைந்தன.

பூங்கோதை அண்ணி இன்னும் உட்காரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடி பெட்டியைப் பார்த்தாள், கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தாள், கடைசியில் அவளைப் பார்த்தாள்.

"இப்ப, வே-லை, செய்-யு-மா?"

அண்ணி அவளிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள்.

அவள் தலையாட்டினாள்.

செய்ய வேண்டும்.

முன்பும் வீட்டில் இப்படி ஒரு விளக்கு இருந்தது. குழந்தை அழுதால் எல்லா அறையிலும் விளக்கு சிமிட்டும். கணவன் ஓசூர் கம்பெனிக்குப் போனபோது அதை நம்பித்தான் போனான்.

ஒரு மழை நாள். தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். நெட் போனது அவளுக்குத் தெரியாது. அந்த விளக்கு நெட் இல்லாமல் சிமிட்டாது என்பதும் தெரியாது. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியாக, நிதானமாக, சந்தோஷமாகக்கூட.

அடுத்த தெருவிலிருந்து தற்செயலாக வந்த அண்ணிதான் ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தைக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

அண்ணி திட்டவில்லை. குழந்தையின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

"கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்மா."

அன்றிலிருந்து குழந்தை அங்கே தூங்கியது. அவள் பால் கொடுக்கப் போய்வந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அண்ணி மட்டும்தான். கூடத்தில் புதிதாக ஒரு தூளி தொங்கியது.

அவள் ஏறாத கடை இல்லை. எல்லா இடத்திலும் செல்போனில் அதே கேள்வியை டைப் செய்து நீட்டினாள். நெட் போனால் விளக்கு சிமிட்டுமா?

"இப்பல்லாம் நெட்டு எங்க மேடம் போகுது?" என்று ஒருவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

கடைசிக் கடையில் இருந்த பெண் எழுந்து போய்க் கடையின் வைஃபையை நிறுத்தினாள். தன் செல்போனில் ஒரு குழந்தையின் அழுகையை ஓடவிட்டாள்.

மேலே விளக்கு சிமிட்டியது.

"இது வெளிய யார்கிட்டயும் கேக்காதுங்க. வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கும்."

பொருத்த வந்தவர்கள் எவ்வளவு சத்தத்துக்கு வைக்கட்டும் என்று கேட்டார்கள். முனகினாலும் எனக்குத் தெரியணும் என்று எழுதிக் காட்டினாள்.

இப்போது குழந்தை அழ வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு அழுகையே வரவில்லை. கிலுகிலுப்பையைப் பிடுங்கினால் சிரித்தான். தொட்டிலில் போட்டால் காலைப் பிடித்து விளையாடினான்.

அண்ணி அடுக்களையைக் காட்டினாள்.

"நீ உள்ள போ. கதவைச் சாத்திக்கோ."

சாத்திக்கொண்டாள்.

விளக்கையே பார்த்தபடி நின்றாள். அது அசையாமல் எரிந்தது.

இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறானா?

அல்லது அழுகிறானா? அழுது, இது தெரியாமல் நிற்கிறதா?

கை தாழ்ப்பாளுக்குப் போனது. எடுத்துக்கொண்டாள். திறந்து பார்த்தால் அண்ணி என்ன நினைப்பாள். மறுபடியும் போனது.

விளக்கு சிமிட்டியது.

ஒரு தரம். இன்னொரு தரம். விடாமல்.

ஓடினாள். குழந்தை முகம் சிவந்து, வாய் கொள்ளாமல் அழுதுகொண்டிருந்தான். அண்ணி தொட்டிலருகில்தான் நின்றாள். தூக்கவில்லை. தூக்கிவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

அவள் அள்ளி எடுத்தாள். அழுகை அவள் மார்பில் அதிர்ந்தது. அதிர்ந்து, தேய்ந்து, நின்றது.

அண்ணி விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். அது இப்போது சாதுவாக எரிந்தது.

"சரிம்மா. இனிமே இங்கயே இருக்கட்டும்."

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்தாள். எத்தனை நாள் கழித்து, தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து.

குழந்தை தூங்கிப்போனான். தொட்டிலில் கிடத்திவிட்டு, காபி போட அடுக்களைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். உடம்பு லேசாகியிருந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்தவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டாள்.

விளக்கு சிமிட்டியது.

இப்போதுதானே தூங்கினான்?

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி தரையில் உட்கார்ந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்தாள். வாயில் முந்தானை. முதுகு குலுங்கியது.

இந்த வீட்டில் அழுதால் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

காலடி தெரிந்து அண்ணி திரும்பினாள். கண்ணைத் துடைத்தாள். அவள் ஏன் ஓடிவந்தாள் என்பது அண்ணிக்குப் புரியவில்லை. பிறகு அவள் பார்வை போன திக்கில் நிமிர்ந்து, சிமிட்டும் விளக்கைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

அண்ணியின் உதடுகள் அசைந்தன. அகலத் திறக்காமல், எழுத்து எழுத்தாக நீட்டாமல், யாரோடும் பேசுவதுபோல.

"எனக்குமா?"

அவள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.